ஹெட்ஃபோனா ஸ்பீக்கரா? முதலில் அறையைப் பாருங்கள்

வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பாட்டுக் கேட்க இரண்டில் எது என்றால், நான் ஹெட்ஃபோன் கட்சி. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மாறியவன், அதனால் கொஞ்சம் ஒருபக்கமாகத்தான் பேசுவேன்.

ராத்திரியில் யார் தூக்கமும் கெடாது, இடம் அடைக்காது என்பதெல்லாம் தெரிந்ததே. நாலு பேர் சேர்ந்து கேட்க ஸ்பீக்கர்தான், அதிலும் சண்டை இல்லை. என்னை மாற வைத்தது அறை.

ஸ்பீக்கரில் கேட்கும்போது சுவர், தரை, கூரையில் பட்டுத் திரும்புவதும் சேர்ந்தே காதுக்கு வருகிறது. மேல் அலைவரிசைகளைக் கம்பளமும் திரைச்சீலையும் புத்தக அலமாரியும் ஓரளவு அடக்கிவிடும். பேஸ் எனும் அடித்தொனிதான் வம்பு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, ஆகவே 4 மீட்டர் நீள அறை என்றால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 43 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு நிலையலை (சில இடங்களில் ஓங்கியும் சில இடங்களில் மங்கியும் அப்படியே நிற்கும் அலை) உருவாகும், அப்புறம் 86, 129 என்று அதன் மடங்குகள், போதாததற்கு அகலத்துக்கும் உயரத்துக்கும் தனித்தனிக் கணக்கு. பேஸ் கிட்டாரின் ஒரு சுரத்துக்கு அறையே அதிரும், அடுத்த சுரம் காணாமல் போகும். நாற்காலியை அரை மீட்டர் நகர்த்தினால் எல்லாம் மாறிவிடும். 10 டெசிபல் ஏற்ற இறக்கம் சாதாரணம், ஸ்பீக்கரின் விலையைக் கூட்டினால் இது குறையாது.

சுவரில் ஃபோம் ஒட்டச் சொல்வார்கள். 2 அங்குல ஃபோம் பேச்சின் எதிரொலியைக் குறைக்கும், ஆனால் 43 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டர், அதற்கு அந்த ஃபோம் ஒரு பொருட்டே இல்லை. மூலைகளில் பேஸை உறிஞ்சும் தடித்த பேஸ் டிராப் அடுக்க வேண்டும், வீட்டில் மற்றவர்களும் சம்மதிக்க வேண்டும். ஈக்யூ, அதாவது அலைவரிசைவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி, மேடுகளைத் தட்டிச் சமமாக்கும், பள்ளத்தை நிரப்பாது: நேராக வரும் அலையும் திரும்பி வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கிற இடத்தில் சத்தத்தைக் கூட்டினால் அழிப்பும் சேர்ந்தே கூடுகிறது. சரி, மைக் வைத்து அளக்கலாம், ஸ்பீக்கரை இடம் மாற்றலாம், பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கரில் இரண்டாவது ஒன்று வைக்கலாம். பலன் உண்டு. ஆனால் பாட்டு எங்கே போனது?

ஹெட்ஃபோனில் இந்த அத்தியாயமே கிடையாது. எந்த வீட்டுக்கு மாறினாலும் அதே ஒலி, ஒரு தடவை போட்ட ஈக்யூ அப்படியே நிற்கும். பராமரிப்பு என்றால் பேடும் கேபிளும்தான். 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 இன்னமும் ஓடுவதற்கு, பாகங்களைக் கழற்றி மாற்ற முடிவது ஒரு முக்கியக் காரணம். அதன் மின்தடை 300 ஓம், அதிகம் என்பதால் கைபேசியில் நேரே செருகினால் கொஞ்சம் சோர்ந்துபோகும், ஒரு சின்ன ஆம்ப் (ஒலிபெருக்கிச் சாதனம்) போதும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் குளோஸ்டு பேக் (வெளிப்பக்கம் மூடிய) ஹெட்ஃபோன் வாங்குமுன் போட்டுப் பார்த்துவிடுங்கள், பேடுக்கும் கன்னத்துக்கும் நடுவே விழும் இடைவெளியில் பேஸ் கசிந்துவிடும்.

தோற்கிற இடமும் உண்டு. ஸ்டீரியோ பதிவுகள் பெரும்பாலும் ஸ்பீக்கரை மனதில் வைத்தே கலக்கப்படுகின்றன. இடது ஸ்பீக்கரின் ஒலி சற்றே தாமதமாக வலது காதுக்கும் போகும், ஹெட்ஃபோனில் போகாது, அதனால் பாடகர் எதிரில் நிற்காமல் மண்டைக்குள் நிற்கிறார். குரல் ஒரு பக்கம், டிரம்ஸ் மறுபக்கம் என்று பிரித்துவைத்த 1960களின் பதிவுகளைக் கொஞ்ச நேரம் கேட்டாலே களைத்துவிடும். இதற்கான கிராஸ்ஃபீட் யோசனையை, அதாவது ஒரு பக்க ஒலியைக் கொஞ்சம் தாமதித்து மறுகாதுக்கும் கலந்து தருவதை, ஒலிப் பொறியாளர் பெஞ்சமின் பாவர் (Bauer) 1961லேயே எழுதிவிட்டார். நான் அதை எப்போதும் போட்டே வைத்திருக்கிறேன், ஆனாலும் கலைஞர்கள் எதிரே மேடையில் நிற்பதுபோல் ஸ்பீக்கர் தரும் உணர்வு வராது. வயிற்றில் வந்து இடிக்கும் பேஸும் வராது. அந்தக் குறைக்காகச் சத்தத்தைக் கூட்டத் தோன்றும், அங்கேதான் ஜாக்கிரதை: 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் என்பது பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கும் உச்சவரம்பு, கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 94இல் 1 மணி நேரம்தான்.

முறையாக ஒலிச்சீர் செய்த பெரிய அறையில் நான் கேட்டது கொஞ்சம்தான், அப்படி ஒரு அறை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாமல் போகலாம். ஸ்பீக்கர் ஆசையும் விடவில்லை, அறையும் சின்னது என்றால், மேசையில் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் கேட்கும் சின்ன மானிட்டர் ஸ்பீக்கர் ஜோடியைப் பாருங்கள். அவ்வளவு கிட்டத்தில் நேர் ஒலியே ஓங்கி நிற்கும், அறையின் தலையீடு குரல் பகுதியில் நன்றாகக் குறையும். பேஸ் தொல்லை மட்டும் அங்கேயும் இருக்கும்.