உப்புக்காற்றில் எட்டு ஆண்டுகள்: ஒரு ஸ்டூடியோ மேசையின் யூஎஸ்பி அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், கடற்கரைக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், ஞானஸ்நானம், பள்ளிக்கூட அடையாள அட்டை, பாஸ்போர்ட் படம் என்று எல்லா வேலையும் 2017-இல் வாங்கிய ஒரே மேசைக் கணினியில்தான் நடக்கிறது. கேமரா கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க், பிரிண்டர், ஸ்கேனர், வரைபலகை, மவுஸ் எல்லாம் அதில் யூஎஸ்பி வழியாகத்தான் வந்து சேர்கின்றன. இத்தனை ஆண்டுகளில், ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாக்கும் ஹப்கள் மூன்றும் எண்ணிக்கை மறந்துபோன கேபிள்களும் என் கையைக் கடந்திருக்கின்றன. கணினியை மாற்றலாமா என்று நான் யோசித்த ஒவ்வொரு முறையும் குறை கணினியில் இல்லை, இணைப்பில்தான் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் மூன்று ஆண்டுகள் கார்டு ரீடரைக் கணினியின் முன்பக்கப் போர்ட்டில் செருகி வந்தேன். குனியாமல் கை எட்டும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமை கோயில் கல்யாணம் முடிந்து வந்தால் 64 ஜிபி கார்டு ஒன்றை இறக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான்கு கார்டுகள் இருந்தால் இரவு பாதி போய்விடும். கார்டு பழையதாகிவிட்டது என்று எண்ணிப் புதிய கார்டுகள் வாங்கினேன். அப்போதும் அதே நேரம்தான் ஆனது.

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் ஒரு விடுமுறையில் வந்தபோது மேசையைப் பார்த்தான். "மாமா, முன்பக்கப் போர்ட்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கறுப்பு. பின்பக்கம் நான்கு நீலம் இருக்கிறதே, அதில் செருகிப் பாருங்கள்" என்றான். ரீடரும் பழையது என்று சொல்லி, தன் பையிலிருந்த வேறொன்றைக் கொடுத்தான். அந்தக் கார்டு பன்னிரண்டு நிமிடத்தில் இறங்கியது. எனக்குச் சந்தோஷத்தைவிட வருத்தம்தான் அதிகம் வந்தது. மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமை இரவுகள் கண் முன்னே வந்து நின்றன.

அன்று அவன் சொல்லிக் கொடுத்த கணக்கை இன்றும் மறக்கவில்லை. கறுப்புப் போர்ட் யூஎஸ்பி 2.0 வகை. அது வந்தது 2000-இல். அதன் வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். நாம் கோப்புகளை அளப்பதோ பைட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 480 என்பது 60 மெகாபைட்தான். அதிலும் இரு பக்கமும் பேசிக்கொள்ளும் செலவு போக, 30 முதல் 40 வரை கைக்கு வந்தால் பெரிது. நீலப் போர்ட் 2008-இல் வந்த 3.0 வகை. அதன் வேகம் விநாடிக்கு 5 ஜிகாபிட், அதாவது 5,000 மெகாபிட். அதில் ஒரு பைட்டுக்குப் பத்து பிட் செலவாவதால் உச்ச அளவு 500 மெகாபைட். நடைமுறையில் 400-ஐ ஒட்டி வரும். என் கேமரா கார்டு தரக்கூடியதே சுமார் 90 மெகாபைட். அதை 30 மட்டுமே போகும் குழாயில் மூன்று ஆண்டுகள் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். யூஎஸ்பியில் செருகி பொருந்திவிட்டால் சாதனம் ஏறக்குறைய எப்போதும் வேலை செய்யும். புதிய போர்ட்டில் பழைய சாதனமும், பழைய போர்ட்டில் புதிய சாதனமும் ஓடும். 1996-இல் இந்த முறை வந்தபோது அதை உருவாக்கிய குழுவினரின் நோக்கமே அதுதான். இன்டெலில் அந்தப் பணியை முன்னெடுத்த அஜய் பட் இந்தியாவில் பிறந்தவர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. பிரிண்டருக்கு ஒரு துளை, விசைப்பலகைக்கு வேறொரு துளை, எதை மாற்றினாலும் கணினியை அணைத்துப் போடு என்றிருந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த நல்ல குணமே நம்மை ஏமாற்றவும் செய்கிறது. சாதனம், கேபிள், ஹப், போர்ட் என்ற நான்கில் எது மெதுவானதோ அதன் வேகத்துக்கே மொத்தமும் இறங்கிவிடும். பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் வராது. வேலை நடக்கிறதே என்று நாமும் விட்டுவிடுவோம்.

2021-இல் கைக்கடக்கமான ஒரு வெளி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்புச் சாதனம்) வாங்கினேன். பெட்டியில் விநாடிக்கு 1,050 மெகாபைட் என்று போட்டிருந்தது. அது 10 ஜிகாபிட் வேகச் சாதனம்; என் கணினியின் நீலப் போர்ட் 5 ஜிகாபிட். ஆக எனக்குக் கிடைப்பது 420 அளவுதான். இதைத் தெரிந்தேதான் வாங்கினேன், குறை சொல்ல மாட்டேன். நான்கு ஆண்டுகளாக ஒரு நாளும் அது என்னைக் கைவிடவில்லை. ஆனால் அதோடு வந்த சிறிய கேபிளை ஒரு வெளியூர் வேலையில் தொலைத்துவிட்டு, போன் சார்ஜரின் டைப்-சி கேபிளைச் செருகினேன். வேகம் 40-க்கு விழுந்தது. இரண்டு கேபிள்களின் முனையும் அச்சுவார்த்தது போல ஒன்றாகவே இருந்தன. போன் கேபிள்களில் பெரும்பாலானவற்றுக்குள் மின்சாரத்துக்கும் பழைய 2.0 வேகத்துக்கும் வேண்டிய கம்பிகள் மட்டுமே இருக்கும். வேகத்துக்கான கூடுதல் கம்பிகள் இருக்காது. டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டுமே, வேகத்தின் பெயர் அல்ல. இது புரியாமல் நாகர்கோவிலில் ஒரு கடையில் "எல்லாம் ஒரே கேபிள்தான் சார்" என்ற பேச்சை நம்பி இன்னொன்றும் வாங்கினேன். அதுவும் அதே 40-தான். இப்போது உறையில் 5 ஜிகாபிட் அல்லது 10 ஜிகாபிட் என்று எண் அச்சிட்டிருந்தால் மட்டுமே வாங்குகிறேன். 3.0, 3.1, 3.2 என்ற பெயர்களை நம்புவதில்லை. பழைய 3.0-ஐயே பிறகு 3.1 முதல் தலைமுறை என்றும், அதன்பின் 3.2 முதல் தலைமுறை என்றும் பெயர் மாற்றினார்கள். வெறும் 3.2 என்று மட்டும் எழுதியிருந்தால் அது 5-ஆக இருக்கலாம், 10-ஆக இருக்கலாம், 20-ஆகவும் இருக்கலாம். வாங்குகிறவனை இப்படிக் குழப்புவது நியாயமே இல்லை.

ஹப் விஷயத்தில் நான் பட்டது பெரிது. மின்சாரம் தனியாகத் தேவைப்படாத நான்கு போர்ட் ஹப் ஒன்றை மலிவாக வாங்கி, அதில் வெளி ஹார்ட் டிஸ்க், கார்டு ரீடர், வரைபலகை மூன்றையும் மாட்டியிருந்தேன். 2.0 போர்ட் ஒன்று 500 மில்லி ஆம்பியர் தர வேண்டும் என்பது விதி, 3.0 போர்ட் 900. இத்தகைய ஹப்பில் எத்தனை வாய்கள் இருந்தாலும் அந்த ஒரே அளவைத்தான் எல்லாச் சாதனங்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சுழலும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க் கிளம்பும்போது நிறையவே இழுக்கும். ஒரு நாள் ஒரு கல்யாணத்தின் படங்களை நகலெடுக்கும்போது டிஸ்க் "டக் டக்" என்று ஒலி எழுப்பி, கணினியிலிருந்து காணாமல் போனது. மீண்டும் மாட்டியபோது அந்தக் கோப்புறையே திறக்கவில்லை. கேமரா கார்டை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருந்ததால் அந்தக் குடும்பத்தின் படங்கள் பிழைத்தன. இன்று நினைத்தாலும் கை நடுங்குகிறது. அன்றிலிருந்து இரண்டு இடத்தில் நகல் விழுந்து, திறந்து பார்த்த பிறகே கார்டை அழிக்கிறேன்.

அடுத்து அடாப்டரோடு வரும் ஏழு போர்ட் ஹப் வாங்கினேன். டிஸ்க் துண்டிப்பு நின்றது. ஆனால் கணினியை அணைத்த பிறகும் கணினியின் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. ஹப்பின் அடாப்டர் மின்சாரம் திரும்பிக் கணினிக்குள் போகிறது என்று பிறகுதான் தெரிந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது இருக்கும் மூன்றாவது ஹப்பில் அந்தக் குறை இல்லை. அதன் அடாப்டரையும் யூபிஎஸ்ஸில்தான் செருகியிருக்கிறேன். மழைக்காலத்தில் மின்சாரம் போகும்போது கணினி மட்டும் உயிரோடு இருந்து ஹப் செத்துப்போனால் நகல் பாதியில் அறுந்துவிடும்.

நீலப் போர்ட்டுக்கு மாறியதும் கம்பியில்லா மவுஸ் திக்கித் திணறத் தொடங்கியது. பேட்டரியை மாற்றினேன், பயனில்லை. 3.0 இணைப்பு ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல், மவுஸ் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் வெளியிட்டிருக்கிறது. அரை மீட்டர் நீட்டிப்புக் கேபிள் ஒன்றை வாங்கி, மவுஸின் டாங்கிளை (அதன் அலையை வாங்கும் சிறு செருகியை) முன்பக்கக் கறுப்புப் போர்ட்டிலிருந்து எடுத்து மேசை மேலே வைத்தேன். அன்றோடு சரியாகிவிட்டது. மவுஸ், விசைப்பலகை, பிரிண்டர் எதற்கும் வேகப் போர்ட் தேவையில்லை. கறுப்புப் போர்ட்களை அவற்றுக்குக் கொடுத்துவிட்டு நீலத்தைச் சேமிப்புச் சாதனங்களுக்கு ஒதுக்குங்கள்.

இனி உப்புக்காற்று. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு எந்தப் பெட்டியிலும் எழுதியிராத செய்தி இது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரமும் உப்பும் சேர்ந்தால் பெரும்பாலான உலோகங்கள் தப்பாது. இரண்டாவது ஆண்டிலேயே ஹப்பின் வாய்களில் பச்சை படியத் தொடங்கியது. அதன் விளைவு வித்தியாசமாக இருந்தது: டிஸ்க் வேலை செய்தது, ஆனால் வேகம் 2.0-க்கு விழுந்திருந்தது. 3.0 செருகியில் ஒன்பது தொடுமுனைகள் உண்டு. பழைய நான்கும் புதிய ஐந்தும் வேறு வேறு வரிசையில் இருக்கின்றன. புதிய ஐந்தில் அழுக்கு ஏறினால், பழைய நான்கை வைத்துக்கொண்டு இணைப்பு தொடரும். சில நேரம் மிக மெல்லச் செருகினாலும் இப்படித்தான் நடக்கும். பழையவை முதலில் தொட்டுவிட, கணினி இது 2.0 என்று முடிவு செய்துவிடுகிறது. கழற்றி, ஒரே மூச்சில் நேராகச் செருகினால் திரும்பி வந்துவிடும். நான் மாதம் ஒருமுறை கணினியை அணைத்து, ஹப்பின் மின்சாரத்தையும் எடுத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தூரிகையால் செருகிகளைத் துடைத்துக் காயவிடுகிறேன். பயன்படுத்தாத வாய்களுக்கு ரப்பர் மூடி போட்டிருக்கிறேன். இந்தப் பழக்கம் வந்த பிறகு மூன்றாவது ஹப் நான்காவது ஆண்டைத் தாண்டியிருக்கிறது.

ஒரே ஒரு தோல்வி என் பழைய ஸ்கேனர். தாத்தா காலத்துப் படங்களைப் புதுப்பிக்கக் கொண்டுவருகிறவர்களுக்காக வைத்திருந்தேன். அதன் செருகி பொருந்தியது, மின்சாரம் வந்தது, விளக்கும் எரிந்தது. ஆனால் 64 பிட் விண்டோஸுக்கு அதன் தயாரிப்பாளர் டிரைவர் (ஸ்கேனரைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள்) வெளியிடவே இல்லை. விசைப்பலகை, மவுஸ், பென் டிரைவ் போன்றவற்றுக்குப் பொதுவான விதிமுறைகள் இருப்பதால் எந்தக் கணினியும் உடனே புரிந்துகொள்ளும். ஸ்கேனர்கள் பெரும்பாலும் தயாரிப்பாளரின் சொந்த மொழியைத்தான் பேசும். அக்காள் மகன் ஒரு பழைய மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினான். அதிலுள்ள சேன் என்ற மென்பொருள் அந்த ஸ்கேனரை அடையாளம் கண்டுகொண்டது. இப்போது அந்த மடிக்கணினி ஸ்கேனருக்கு மட்டுமே துணையாக இருக்கிறது.

வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பென் டிரைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பென் டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகளில், எஃப்ஏடி32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஏறும், ஆனால் பழைய டிவிகள் பல அதைப் படிக்காது. அதனால் கல்யாண வீடியோவைச் சிறு பகுதிகளாகப் பிரித்து எஃப்ஏடி32-இலேயே கொடுக்கிறேன்.

இந்த ஆண்டு ஒரு மடிக்கணினியும் சேர்ந்திருக்கிறது. அதில் இரண்டு டைப்-சி போர்ட்கள், பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றில் மட்டும்தான் வெளித்திரைக்குப் படம் போகும். அந்தப் போர்ட்டின் அருகில் மகளின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். 10 ஜிகாபிட் கேபிள்களின் முனையில் நீலப் புள்ளி இருக்கிறது. சார்ஜுக்கு மட்டுமான கேபிள்களை மேசைக்கே கொண்டுவருவதில்லை. அவை வீட்டில், சமையலறை அலமாரி ஓரத்தில் தொங்குகின்றன.