சத்துவாச்சாரியின் மாலை வகுப்பு: வணிகமும் கணக்கும் பொருளியலும் புதிதாகத் தொடங்குவோருக்கு

பன்னிரண்டாம் வகுப்பு வரை அறிவியல் பிரிவில் படித்துவிட்டு, மதிப்பெண் காரணமாகவோ விருப்பம் காரணமாகவோ பி.காம்., பி.பி.ஏ. பக்கம் திரும்பும் பிள்ளைகள் வேலூரில் நிறைய இருக்கிறார்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தி. கல்லூரியில் முதல் பருவமே பற்று, வரவு, தேவை நெகிழ்ச்சி, மேலாண்மைக் கோட்பாடுகள் என்று விரைந்து போய்விடுவதால், அடிப்படையைப் பொறுமையாகச் சொல்லித்தரும் இடம் ஒன்றைத் தேடி, சத்துவாச்சாரியில் ஒரு வீட்டின் மாடியில் நடக்கும் மாலை வகுப்பில் அவளைச் சேர்த்தேன். இராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலை ஒன்றின் கணக்குப் பிரிவில் நீண்ட காலமாக வேலை பார்ப்பவன் என்பதால், என்ன கற்றுத் தருகிறார்கள் என்று அறியும் ஆவல் எனக்கு இருந்தது. பெற்றோர் பின்வரிசையில் அமர்ந்து கேட்க இங்கே அனுமதி உண்டு. அப்படிக் கேட்டதை வைத்தும் மகளின் நோட்டுகளைப் பார்த்தும் இதை எழுதுகிறேன்.

இங்கே இரண்டு பேர் பாடம் எடுக்கிறார்கள். பொருளியலும் மேலாண்மையும் ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் பொறுப்பு. கணக்குப்பதிவியலும் நிதியும் தணிக்கை அலுவலகத்தில் பணியாற்றிய ஒரு மேடத்தின் பொறுப்பு. இவ்வகுப்பின் ஆகப் பெரிய பலம், இந்தப் பாடங்களைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்து வைக்காமல், ஒரே கடையை, ஒரே முடிவை எடுத்துக்கொண்டு அதை எல்லாப் பக்கமிருந்தும் பார்க்க வைப்பதுதான். வரையறை கடைசியில்தான் வரும்; அதற்கு முன் மாணவர்கள் கணக்கைப் போட்டு முடித்திருக்க வேண்டும்.

ஒரு மாலை கரும்பலகையில் ஆம்பூர் பாணியில் சீரகச் சம்பா பிரியாணி விற்கும் கற்பனைக் கடை ஒன்று எழுந்தது. வாடகை, மாஸ்டர் சம்பளம், மின்கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 60,000 ரூபாய் நிலையான செலவு. ஒரு பிளேட் 150 ரூபாய். அரிசி, கறி, எண்ணெய்க்கு 110 ரூபாய். ஒரு பிளேட்டுக்கு மிஞ்சும் 40 ரூபாய் முழுவதும் இலாபம் என்றே பல மாணவர்கள் முதலில் சொன்னார்கள். அந்த 40 ரூபாய் முதலில் வாடகைக்கும் சம்பளத்துக்கும்தான் போக வேண்டும், அவற்றை அடைத்த பிறகு வரும் பிளேட்டில்தான் இலாபம் தொடங்குகிறது என்று விளக்கி, 60,000-ஐ 40-ஆல் வகுக்கச் சொன்னார் மேடம். மாதம் 1,500 பிளேட், அதாவது நாளுக்கு 50 பிளேட் விற்றால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அதன் பிறகே சமநிலைப் புள்ளி என்ற பெயர் பலகையில் ஏறியது.

பாடம் அத்தோடு முடிந்திருந்தாலே நல்ல பாடம்தான். ஆனால் கறி விலை ஏறி பிளேட்டுக்கான செலவு 120 ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டு அவர் தொடர்ந்தார். மிச்சம் 30 ரூபாயாகச் சுருங்கியதால் சமநிலைப் புள்ளி 2,000 பிளேட்டுக்கு ஏறிவிட்டது. கடையோ மாதம் 1,800 பிளேட்தான் விற்கிறது. ஆக 6,000 ரூபாய் நட்டம். விலையை 160 ஆக்கினால் என்ன என்று ஒரு மாணவர் கேட்டார். அந்த இடத்தில் மேடம் சாக்பீஸைப் பேராசிரியரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். விலை ஏறினால் எத்தனை பேர் வராமல் போவார்கள் என்பது கணக்கேடு சொல்லாத விஷயம், அது தேவை நெகிழ்ச்சி என்று சொல்லி, விற்பனை 1,600 ஆகக் குறைந்தால் என்ன ஆகும் என்று அவர் போட வைத்தார். மொத்த வருவாய் 2,70,000-லிருந்து 2,56,000 ஆகக் குறைகிறது. ஆனால் பிளேட்டுக்கு 40 வீதம் 64,000 ரூபாய் மிஞ்சுவதால், 6,000 நட்டத்தில் இருந்த கடை 4,000 இலாபத்துக்கு வந்துவிடுகிறது. விற்பனை 1,400 ஆக விழுந்தாலோ மறுபடி 4,000 நட்டம். வருவாய் குறைந்தும் இலாபம் கூட முடியும் என்பதைத் தங்கள் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்த பிள்ளைகளுக்கு, நெகிழ்ச்சி என்பது இனித் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் சூத்திரமாக இருக்காது. இந்த ஒரு வகுப்புக்காகவே நான் இவர்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கணக்குப்பதிவியலில் பிள்ளைகள் தடுமாறும் முதல் இடம் எது என்பதும் மேடத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. முதலாளி போட்ட பணம் ஏன் வரவுப் பக்கத்தில் மூலதனமாக நிற்கிறது, அது ஏன் இருப்புநிலைக் குறிப்பில் (பேலன்ஸ் ஷீட்) பொறுப்புகள் பக்கம், அதாவது கடை தர வேண்டியவற்றின் பக்கம், போகிறது என்று கேட்காத மாணவரே கிடையாது. நேதாஜி மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் ஒருவரின் மகனை எழுப்பி, "வீட்டுச் செலவுக்குன்னு அப்பா கல்லாவுலருந்து எடுக்கிற பணம் கடையோட செலவா, அப்பாவோட செலவா, சொல்லுப்பா" என்று கேட்டார். அவன் யோசித்து, அப்பாவின் செலவு என்றான். அப்படியானால் கடை வேறு, அப்பா வேறு. கடை அப்பாவுக்குக் கடன்பட்டிருக்கிறது, அவர் எடுக்கும் பணம் எடுப்புகள் கணக்கில் ஏறி அந்தக் கடனைக் குறைக்கிறது என்று வணிகத் தனித்தன்மைக் கருத்தை நிறுத்தி நிதானமாக விளக்கினார். நடவடிக்கைகளை நாள்வாரியாக எழுதும் குறிப்பேடு, கணக்குவாரியாகப் பிரிக்கும் பேரேடு, பற்றும் வரவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் இருப்பாய்வு எல்லாம் அதன் பின் தடங்கலின்றி வந்தன. அவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒழுங்காக, போதிய பயிற்சியோடு நடத்துகிறார்கள்.

நிதிப் பாடத்தில் நடைமுறை மூலதனத்தை, அதாவது அன்றாடத் தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணத்தை, அவர்கள் எடுத்துக்கொண்ட விதம் என் தொழிலுக்கு நெருக்கமானது என்பதால் கூர்ந்து கவனித்தேன். வெட் ப்ளூ தோல் (குரோமில் பதனிட்டு, இன்னும் முழுதாக முடிக்காத ஈரத் தோல்) வாங்கும் ஓர் ஆலை விற்றவருக்கு 15 நாளில் பணம் தர வேண்டும். சரக்கு முடிந்து கிளம்ப 30 நாள். வாங்கும் வெளிநாட்டார் பணம் அனுப்ப மேலும் 90 நாள். நடுவில் 105 நாள் பணம் முடங்கிக் கிடக்கிறது. நாளொன்றுக்கு 20,000 ரூபாய் இப்படிப் போகிறது என்றால் 21 லட்சம் ரூபாய் எப்போதும் தொழிலுக்குள்ளேயே கிடக்க வேண்டும். இலாபநட்டக் கணக்கில் இலாபம் காட்டும் ஆலை, சம்பள நாளன்று வங்கியில் ஓவர்டிராஃப்டுக்காக நிற்பது இதனால்தான். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் தந்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்வதையும் சேர்த்துச் சொன்னார்கள். அந்த விதி இருந்தும் சிறு ஆலைகள் பணத்துக்காகக் காத்திருக்கின்றன என்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். பெரிய வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ள யாரும் விரும்புவதில்லை. வகுப்பில் அந்தப் பக்கத்தையும் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

கூட்டுவட்டி வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வேலூர், ஆரணி வட்டாரங்களில் மாதந்தோறும் பெருவட்டி தருவதாகச் சொல்லித் திரட்டிய டெபாசிட்டுகள் முடங்கி, காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வரை போனது இங்குள்ள பல குடும்பங்களுக்குத் தெரியும். அந்த நிறுவனங்களின் பெயரைச் சொல்லாமலே, மாதம் 10 விழுக்காடு என்று ஒருவர் சொன்னால் ஓராண்டில் ஒரு லட்சம் என்ன ஆகும் என்று கணக்குப் போடச் சொன்னார்கள். மூன்று லட்சத்துப் பதிமூன்றாயிரத்துக்கும் மேல் வருகிறது. எந்தத் தொழில் இந்த இலாபத்தைத் தொடர்ந்து தரும் என்று பட்டியலிடச் சொன்னபோது யாராலும் ஒன்றைக்கூட எழுத முடியவில்லை. பழைய ஆட்களின் வட்டியைப் புதிய ஆட்களின் பணத்திலிருந்துதான் கொடுத்தாக வேண்டும் என்ற இடத்துக்குப் பிள்ளைகள் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என் மகள் இதே கணக்கைத் தன் பாட்டிக்குப் போட்டுக் காட்டினாள். இதைவிடப் பயனுள்ள நிதிப் பாடம் எனக்குத் தெரியவில்லை.

பொருளியலில் புறவிளைவு, அதாவது ஒருவர் தொழிலின் பாதிப்பு அதில் தொடர்பில்லாதவர் மேல் விழுவது, என்னும் கருத்துக்கு இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. தோல் ஆலைக் கழிவு பாலாற்றிலும் நிலத்தடி நீரிலும் கலந்ததை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. தோலின் விலையில் சேராத ஒரு செலவைக் கிணற்றுக்காரர் சுமந்தார், அதை ஆலையின் கணக்குக்குத் திருப்புவதே தீர்ப்பின் பொருளியல் என்று பேராசிரியர் விளக்கினார். அவ்வாலைகளில்தான் எங்கள் வட்டாரத்தில் பலருடைய சோறு இருக்கிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரண்டையும் ஒரே வகுப்பில் நேர்மையாகப் பேசினார் என்பதற்காக அவரை மதிக்கிறேன்.

குறை மேலாண்மைப் பாடத்தில் இருக்கிறது, அது சிறிய குறையும் அல்ல. மற்ற பாடங்களில் இவ்வளவு உயிரோடு நடத்துபவர்கள், பிரெஞ்சு மேலாண்மைச் சிந்தனையாளர் ஹென்றி ஃபயோலின் 14 கோட்பாடுகளுக்கு வந்ததும் வெறுமனே சொல்லி எழுத வைக்கிறார்கள். ஒரு சுரங்க நிறுவனத்தை நடத்திய அனுபவத்திலிருந்து 1916இல் அவர் எழுதியவை அவை. நம் ஊர் ஆலைகளுக்கும் நேராகப் பொருந்துபவை. ஷூ ஆலையில் தையல் பிரிவின் மேற்பார்வையாளர் வேகமாகப் போடு என்கிறார், தர ஆய்வாளர் பிரித்து மறுபடி தை என்கிறார். நடுவில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண் யார் சொல்வதைக் கேட்பாள்? ஒருவருக்கு ஒரே மேலதிகாரிதான் கட்டளையிட வேண்டும் என்னும் கட்டளை ஒருமைக் கோட்பாட்டுக்கு இந்த ஒரு கேள்வி போதும். இதைக் கேட்காமல் வரிசை எண்ணோடு மனப்பாடம் செய்யச் சொல்வது, மற்ற வகுப்புகளில் அவர்களே வளர்த்த சிந்திக்கும் பழக்கத்தை இங்கே கைவிடுவதாகும். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், கட்டுப்படுத்துதல் பகுதியும் இதே கதிதான். இதை நான் அவர்களிடமே நேரில் சொன்னேன். பேராசிரியர் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார்.

அச்சடித்துத் தரும் குறிப்புகளும் சரியில்லை. நகலின் நகல் என்பதால் பேரேட்டுக் கட்டங்களின் கோடுகள் சில பக்கங்களில் மங்கிப்போயிருக்கின்றன. கல்லூரித் தேர்வை ஆங்கிலத்தில் எழுதப் போகிற பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொல்லோடு ஆங்கிலச் சொல்லும் எழுத்துக்கூட்டலும் பக்கத்திலேயே வேண்டும். பாதி இடங்களில் இல்லை. தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இது உண்மையான இடர்.

கட்டணம் மாதம் 1,200 ரூபாய், ரசீது தருகிறார்கள். ஒரு தொகுதியில் ஏறத்தாழ முப்பது பேர் இருக்கிறார்கள். கணக்குப் பயிற்சிக்கு இது கொஞ்சம் அதிகம், ஆனால் மேடம் வரிசையாக வந்து ஒவ்வொருவர் நோட்டையும் பார்க்கிறார். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு மட்டும் வந்து முக்கியக் கேள்விகளை வாங்கிப் போக நினைப்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. முதலாண்டுத் தொடக்கத்திலோ, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையிலோ சேர்ப்பதே சரி. வகுப்பு இரவு எட்டு மணிக்கு முடிகிறது. ஆற்காடு, இராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் பெண் பிள்ளைகளுக்காக ஞாயிறு காலையில் ஒரு தொகுதி தொடங்கும்படி பெற்றோர் சிலர் கேட்டிருக்கிறோம். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், சேர்க்கும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.