கோவையிலிருந்து சென்னைக்கும் டில்லிக்கும்: ஒன்பது ஆண்டுகள் நோட்டில் எழுதிய கணக்கு

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக மாதம் ஒருமுறையாவது கோவையிலிருந்து விமானம் ஏறுகிறேன். வீட்டைப் பூட்டிய நேரம், விமானம் எழும்பிய நேரம், தரை தொட்ட நேரம், போக வேண்டிய படியேறிய நேரம் ஆகிய நான்கையும் சரக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்து வருகிறேன்.

கோவைக்கும் சென்னைக்கும் வான்வழி நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 404 கிலோமீட்டர். டிக்கெட்டில் 1 மணி 10 நிமிடம் என்றிருக்கும். ஆனால், எழும்பியது முதல் தரை தொடும் வரை 45 முதல் 50 நிமிடம்தான் ஆகிறது. மீதி நேரம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும், இறங்கியபின் ஊர்ந்து வருவதிலும் கழிகிறது.

இதிலும் பருவம் உண்டு. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். சென்னையின் முதன்மை ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆடி மாதக் காலைகளில் மேற்குக் காற்று வீசும்போது, மேற்கிலிருந்து வரும் நம் விமானம் கடல் பக்கம் போய்த் திரும்பி இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் மேற்கிலிருந்து நேராகவே இறங்கிவிடுகிறது. நோட்டில் இந்த ஐந்து பத்து நிமிட வேறுபாடு ஆண்டுதோறும் தெரிகிறது.

ஆனாலும் திருப்பூர்க்காரனுக்கு அந்த 50 நிமிடம் சின்னக் கணக்குதான். விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் முன்னதாகச் சென்று காத்திருப்பு, மீனம்பாக்கத்தில் பெட்டி எடுத்துத் தியாகராய நகர் போவது எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி நேரம். 2023-இல் வந்தே பாரத் ஓடத் தொடங்கியபின், திருப்பூரில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கவும் ஏறத்தாழ அவ்வளவு நேரமே ஆகிறது. சென்னைக்கு இப்போது ரயில்தான் என் முதல் தேர்வு.

அப்பிச்சி (அம்மாவின் அப்பா) இறந்த அன்று நான் சென்னையில் இருந்தேன். விமானம்தான் வேகம் என்று டிக்கெட் எடுத்தேன். அடுத்த விமானத்துக்கு ஆறு மணி நேரம் இருந்தது. அதே நேரத்தில் காரில் கிளம்பிய மச்சான் எனக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்து, அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்தில் நேரம் மட்டும் எழுதியிருக்கிறேன், வேறு எதுவும் எழுதவில்லை.

டில்லிக் கணக்கு வேறு. மகளின் நிலப்பட நூலில் பார்த்தபோது வியந்துபோனேன்: கோவை, டில்லி இரண்டும் கிழக்கு 77 பாகைக் கோட்டை ஒட்டியே இருக்கின்றன. வடக்கே கோடு கிழித்தால் ஏறத்தாழ 1,945 கிலோமீட்டர். டிக்கெட்டில் மூன்று மணி நேரத்தை ஒட்டி இருக்கும். அதாவது மணிக்கு 650 கிலோமீட்டர். சென்னைப் பயணத்தில் அது 350-ஐக்கூடத் தொடுவதில்லை. ஏறி முடித்துச் சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது. ரயிலில் டில்லி போக இரண்டு இரவுகள் ஆகும் என்பதால் அங்கே விமானத்துக்கு மாற்றே இல்லை. மார்கழி, தை மட்டும் விலக்கு. டில்லிப் பனிமூட்டத்தில் அரை நாள் போயிருக்கிறது; அம்மாதங்களில் கூட்டத்துக்கு முந்தின நாளே போய்விடுகிறேன்.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு ஒன்று: டிக்கெட்டில் இரு ஊர்களுக்கும் அந்தந்த ஊர் நேரமே இருக்கும். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. ஆகவே பயண நேரம் தெரிய, இறங்கும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தைக் கழித்து, கிடைக்கும் விடையில் போகும்போது இரண்டரை மணியைக் குறைக்க வேண்டும், திரும்பும்போது கூட்ட வேண்டும்.