கொடைக்கானல் ஏரிச் சாலையில் ஒரு டீப் டிஷ் பீட்சா வண்டி

கொடைக்கானல் ஏரிச் சாலையோரத் தள்ளுவண்டியில் கிடைக்கும் டீப் டிஷ் பீட்சாவைப் பற்றி வாடிக்கையாளர்கள் பலவாறாகப் பேசினாலும், என் கருத்தில் அது காத்திருந்து சாப்பிட வேண்டிய பண்டம். 1943-இல் சிகாகோவில் அறிமுகமான இவ்வகையில், குழிவான தட்டில் மாவை விளிம்புவரை ஏற்றி, அடியில் சீஸும் மேலே தக்காளிச் சாஸும் இடுவதால், நெடுநேரம் வேகும்போதும் சீஸ் கருகுவதில்லை. “இவ்வளவு நேரமா?” என்று சலித்துக்கொள்வோர் இதை அறிவது நல்லது. எண்ணெயில் சிவந்த விளிம்பு மொறுமொறுவென்று உடைகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டின் காரம் சாஸில் தனித்துத் தெரிகிறது (இதற்காகவே மீண்டும் போகலாம்). நடுப்பகுதி சில வேளைகளில் வேகாமல் பிசுபிசுக்கிறது என்ற புகார் நியாயமானதே. மலைக்குளிரில் மாவு மெதுவாகவே உப்பும் என்பதால், அதை இன்னும் முன்னதாகப் பிசைந்து வைக்க வேண்டும். மெல்லிய காகிதத் தட்டும் இந்தக் கனத்தைத் தாங்கவில்லை.