சிசேரியனுக்குப் பின் முதல் வாய்: காற்றுப் பிரிந்த பிறகா, பசித்த பிறகா?

சிசேரியன் முடிந்து வார்டுக்கு வந்தவள் முதலில் கேட்பது குழந்தையை, அடுத்தது தண்ணீரை. குழந்தை கைக்கு வந்துவிடும். தண்ணீர்தான் வராது. "இன்னும் காற்றுப் பிரியவில்லையே" என்பார்கள். நனைத்த பஞ்சை உதட்டில் ஒற்றுவார்கள். அந்த ஈரம் காய்வதற்குள் தாகம் திரும்பிவிடும்.

இந்தப் பழைய முறையில் 12 மணி நேரம், சில இடங்களில் ஒரு நாளுக்கும் மேல், டிரிப்ஸ் மட்டும்தான். வயிற்றைத் திறந்தால் குடல் மரத்துப்போகும், அதற்குள் சாப்பிட்டால் உப்புசமும் வாந்தியும் வந்து தையல் இழுபடும் என்பது காரணம். குடலையே வெட்டித் தைக்கும் அறுவைகளைப் பார்த்துப் பிறந்த பயம் இது. சிசேரியனில் கத்தி படுவது கருப்பையில். குடலைத் தொடுவது மிகக் குறைவு.

இன்னொரு கோளாறும் உண்டு. குடல் முழுவதும் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. சிறுகுடல் சில மணி நேரத்திலேயே அசையத் தொடங்கிவிடும், பெருங்குடல்தான் கடைசி. உணவு செரிப்பது சிறுகுடலில். காற்றுப் பிரிவது பெருங்குடலின் வேலை. அடுப்பு எரிகிறதா என்று தெரிந்துகொள்ளக் கொல்லைப்புறக் கதவைத் தட்டுவானேன்? வயிற்றைக் காயப்போட்டால் குடல் ஓய்வெடுக்கும் என்பதும் முழு உண்மையில்லை. ஒன்றும் சாப்பிடாவிட்டாலும் செரிமான நீர்கள் ஊறிக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது, படிப்படியான முறை. சில மணி நேரம் கழித்துத் தண்ணீர், பிறகு திரவ உணவு, பிறகு மென்மையானது, மறுநாள் வழக்கமான சாப்பாடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. குமட்டல் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். நன்றாகப் பசிக்கிறவளை மட்டும் கடிகாரத்தைக் காட்டி ஏன் காக்கவைக்க வேண்டும்? எனக்கு இது பயத்தோடு செய்துகொண்ட சமரசமாகவே படுகிறது.

மூன்றாவது, பசித்தால் சாப்பிடுவது. சிக்கல் இல்லாத சிசேரியனுக்குப் பிறகு வாய்வழி நீரைத் தடுத்துவைக்க ஆதாரமில்லை என்று, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2002-லேயே சொல்லிவிட்டது. முன்னதாகச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் சத்தம் சீக்கிரம் திரும்பியது. வாந்தி கூடியதாகத் தெரியவில்லை. அறுவைக்குப் பின் விரைவில் தேற வழிகாட்டும் ஈராஸ் சங்கம், 2 மணி நேரத்துக்குள் வழக்கமான உணவையே தொடங்கலாம் என்று 2019-இல் பரிந்துரைத்தது. வாய்வழி நீர் போனால் டிரிப்ஸை எடுத்துவிடலாம். கையில் குழாய் இல்லாமல் குழந்தையைத் தூக்கிப் பாலூட்டுவது எவ்வளவு வசதி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இடையில் சூயிங்கம் வேறு. மென்றால் குடல் ஏமாந்து விழித்துக்கொள்ளும் என்கிறார்கள். காற்றும் சற்று முன்னதாகப் பிரிகிறது. சாப்பாட்டையே கொடுக்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை.

என் ஓட்டு மூன்றாவதற்கு. ஆனால் அது முதுகில் ஊசி போட்டு, சிக்கலின்றி முடிந்த சிசேரியனுக்கு மட்டும். முழு மயக்கம் கொடுத்திருந்தால் நன்றாக விழித்து, சரியாக விழுங்க முடிகிறதா என்று பார்த்த பிறகே தண்ணீர். குடலில் காயம், அதிக ரத்தப்போக்கு, மறுபடி தியேட்டருக்குப் போக நேரும் சந்தேகம், கடுமையான ரத்த அழுத்தக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். முதல் சில மணி நேரக் குமட்டலுக்குப் பெரும்பாலும் ரத்த அழுத்தம் இறங்குவதோ, வலி மருந்தோ, கருப்பையைச் சுருங்கவைக்கும் மருந்தோதான் காரணம், அது அடங்கட்டும்.

தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார்ந்து, இரண்டு மடக்குத் தண்ணீர். கால் மணி நேரம் வயிறு அமைதியாக இருந்தால் சிறிது உணவு. வயிறு நிறைய வேண்டாம். வயிறு கல்லாக உப்பினாலோ வாந்தி தொடர்ந்தாலோ உடனே நிறுத்திவிட்டு நர்ஸை அழையுங்கள்.

"எனக்கு எப்போது தண்ணீர் தருவீர்கள்?" என்று அறுவைக்கு முன்பே கேட்டுவைப்பது நல்லது. தொண்டை வறண்ட பிறகு வாதாடத் தெம்பிருக்காது.