திருப்பூர் ஏழு மணி ஆங்கில வகுப்பு: குட்டி வார்த்தைகளுக்காகவே போகலாம்

பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை, துணி வாங்குகிற பையருக்குத் தினமும் மெயில் போட்டாக வேண்டும், ஆனால் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோச்சு என்கிறவர்களுக்கு இந்த வகுப்பைத் தயங்காமல் சொல்வேன். மேடைப்பேச்சு, இன்டர்வியூ, வெள்ளைக்காரன் மாதிரி உச்சரிப்பு, இதெல்லாம் வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள். ஒரு மாடி அறை, சாயங்காலம் ஏழிலிருந்து எட்டரை, மாதம் 1,500 ரூபாய். வெளியே போர்டுகூட ஒழுங்காக இல்லை, கீழே பேக்கரியில் கேட்டால்தான் வழி தெரியும்.

நடத்துகிற சார் முன்பு எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையரோடு பேசி ஆர்டரை முடித்துக்கொடுப்பவராக இருந்தவர். அதனால் பெரிய பெரிய வார்த்தைகளைத் தொடுவதே இல்லை. நீளமான வார்த்தைக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு பொருள்தான், அகராதியைப் பார்த்தால் முடிந்தது. மூன்றெழுத்து நாலெழுத்து வார்த்தைதான் ஆளைக் கவிழ்க்கும் என்பது அவர் கட்சி. அது நிஜம்தான். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் செட் என்ற ஒரே வார்த்தைக்குச் சுமார் 430 பொருள் போட்டிருந்தார்கள், விளக்கம் மட்டும் 60,000 சொல். இப்போது புதுப்பித்துவரும் பதிப்பில் ரன் அதையும் தாண்டி, வினைச்சொல்லாக மட்டும் 645 பொருளோடு நிற்கிறது. நம் ஊரில் கேட்கவே வேண்டாம், சாயம் இறங்கினாலும் ரன், மெஷின் ஓடினாலும் ரன், பல்க் ஆர்டர் போனாலும் ரன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, பொருளை மனப்பாடம் பண்ணச் சொல்லாமல் வார்த்தை வந்த வழியைக் காட்டுவது. ஃபாஸ்ட் என்றால் வேகம் என்று எல்லாருக்கும் தெரியும், அப்புறம் சாயம் போகாமல் நிற்பதற்கு ஏன் ஃபாஸ்ட் கலர் என்கிறோம்? பழைய ஆங்கிலத்தில் அதற்கு உறுதி, இறுக்கம் என்றுதான் பொருளாம். துணியை இறுகப் பிடித்த சாயம் ஃபாஸ்ட், சாப்பிடாமல் வைராக்கியமாக இருக்கும் விரதமும் ஃபாஸ்ட், விடாப்பிடியாக மூச்சைப் பிடித்து ஓடியதும் ஃபாஸ்ட். அந்தக் கடைசிப் பொருள்தான் வளர்ந்து வேகமாகிவிட்டது. ரன் ஆகாத சாயம்தான் ஃபாஸ்ட் என்று அவர் போர்டில் எழுதியபோது லேப் டிப் (சின்னத் துணியில் சாயம் போட்டு நிறம் சோதிப்பது) பார்க்கிற பையன் கைதட்டியேவிட்டான்.

ஆனால் எல்லாம் இப்படி ஒரே வேரிலிருந்து கிளைத்தவை அல்ல, சிலது வேறு வேறு வார்த்தைகள் காலப்போக்கில் தேய்ந்து ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து விழுந்தவை. பொய் சொல்கிற லையும் படுத்துக்கிடக்கிற லையும் அப்படித்தான். லெட் இன்னும் வேடிக்கை. ஒன்றுக்கு விடு என்று அர்த்தம், இன்னொன்றுக்குத் தடை என்று அர்த்தம், இரண்டும் பழைய ஆங்கிலத்தில் தனித்தனி வார்த்தைகள். டென்னிஸில் சர்வீஸ் போடும் பந்து வலையில் உரசிப்போனால் லெட் என்பது அந்தத் தடைதான். நம்ப மாட்டேன் என்கிறவர்கள் வீட்டில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். இவரைத் தடையோ இடையூறோ இல்லாமல் போகவிடுங்கள் என்று குடியரசுத் தலைவர் பேரில் அச்சடித்திருக்கும் வரியில் தடைக்குப் போட்டிருக்கிற வார்த்தை லெட். எத்தனை பேர் அதை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக் கண்காட்சி எல்லாம் போய்வந்திருப்போம், யார் படித்தோம்!

நாமக்கல்லிலிருந்து வந்து இங்கே செக்கிங்கில் இருக்கும் அண்ணன் ஒருத்தர் கேட்ட கேள்வியும் இந்த வகைதான். "ஏனுங் சார், முட்டைக்குள்ள இருக்கிற யோக்குதானுங்களா சட்டையிலயும் வருது?" சார் சிரிக்காமல் பதில் சொன்னார்: "இல்லீங்க, முட்டையில இருக்கிறது மஞ்சள்ங்கிற வார்த்தையில இருந்து வந்தது, நடுவுல ஒரு எல் எழுதுவாங்க, ஆனா வாயில வராது. சட்டைத் தோள்ல வைக்கிற பீஸ் மாட்டு நுகத்தடியில இருந்து வந்ததுங்க." காளை கட்டி உழுத குடும்பத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சாயப்பட்டறைக்காரர்கள் கவனிக்க வேண்டியது டை. சாயத்துக்கு டி-ஒய்-இ, சாவுக்கு டி-ஐ-இ என்ற பிரிவினை ஒன்றும் ஆதிகாலத்தது கிடையாது, 1755இல் வந்த சாமுவேல் ஜான்சன் அகராதியில் இரண்டுக்குமே டி-ஐ-இ தான். இன்றைக்கு டையிங் என்று எழுதும்போது நடுவில் அந்த இ-யை விட்டுவிட்டால், இன்று 2 டன் துணி செத்துக்கொண்டிருக்கிறது என்று பையருக்கு மெயில் போகும். ஸ்பெல்செக் பிடிக்காது, ஏனென்றால் அதுவும் சரியான வார்த்தைதான்.

இனிக் குறை. கையில் கொடுக்கும் ஜெராக்ஸ் புத்தகம் படு மோசம். ஒரு வார்த்தை, எதிரே அஞ்சு தமிழ்ப் பொருள், ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. அவர் வாயால் நடத்துவதற்கு நேர் எதிராக இருக்கிறது, இதற்குத் தனியாக 200 ரூபாய் வேறு. அதைவிடப் பெரிய கோளாறு, உச்சரிப்பைப் போர்டில் தமிழில் எழுதிப்போடுவது. பேட் என்று எழுதினால் கிரிக்கெட் மட்டையும் அதுதான், வௌவாலும் அதுதான், கெட்டதும் அதுதான், தட்டிக்கொடுப்பதும் அதுதான். ஆங்கிலம் முதல் இரண்டைத்தான் ஒன்றாக வைத்திருக்கிறது, நம் எழுத்து நாலையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. லேப் டிப்பில் வருவது சோதனைக்கூடமா மடியா என்று தெரியாமலே ஊரில் பாதிப் பேர் சொல்லிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். வகுப்பில் ஒரு ஸ்பீக்கர் வைத்து ஒலியைக் கேட்கவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். சொல்லிப் பார்த்தேன், பார்க்கலாங்க என்றார்.

நேரமும் ஆபீஸ்காரர்களுக்கு மட்டும்தான் ஒத்துவரும். ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற டெய்லர், கட்டிங் மாஸ்டர் எல்லாம் எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள், அதற்குள் இங்கே கதவைச் சாத்தியாகிவிடும். ஞாயிறு காலையில் ஒரு பேட்ச் போட்டால் கூட்டம் அள்ளும். சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் வகுப்பே இல்லை, அது சரிதான்.

சேர்வதற்கு முன்னால் ஒருநாள் சும்மா உட்கார்ந்து பார்க்க விடுகிறார்கள். வியாழக்கிழமை போங்கள், அன்றைக்குத்தான் அவரவர் கம்பெனி மெயிலைப் பேரை அழித்துக் கொண்டுவரச் சொல்லி வரி வரியாகப் பிரித்துப் போடுவார். வண்டியைப் பேக்கரி வாசலில் நிறுத்தாதீர்கள், திட்டு விழும்.