ஜெராக்ஸ் கடைக்கு வாங்கிய வைஃபை லேசர் பிரிண்டர்: அச்சு அருமை, செட்டிங்ஸ் தலைவலி

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை நடத்துகிறேன். பழைய பிரிண்டரில் டிரம் போய்விட்டதால் வைஃபையோடு வரும் கருப்பு வெள்ளை லேசர் ஒன்றை வாங்கினேன். பிரிண்ட், ஸ்கேன், காப்பி மூன்றும் உண்டு. கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. இந்த விலையில் நான் பார்த்த மற்ற மாடல்களிலும் கொஞ்சம் முன்பின்னாக இதே மெனுதான், இதே தொல்லைதான்.

அச்சைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நன்றாக இருக்கிறது. ஆதாரின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் எடுக்கத் தனி பட்டன் இருக்கிறது, கியூஆர் கோடு பிசிறில்லாமல் விழுகிறது. வில்லங்கச் சான்று மாதிரி நீளமான பத்திரங்களைத் தாளின் இரண்டு பக்கமும் தானே அடித்துத் தருகிறது. காலையில் முதல் தாள் வரக் கொஞ்சம் யோசிக்கும், அவ்வளவுதான்.

வைஃபைதான் விஷயம். என் கடைக்கு வருபவர்கள் பட்டா, ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் என் போனுக்கு அனுப்பி அடித்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் இந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது. அதனால் 'பிரிண்ட் வந்தால் போதும்' என்று விட எனக்கு மனசில்லை. பொருத்த வந்த தம்பிக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. ஒரு டெஸ்ட் தாள் அடித்துக் காட்டிவிட்டு, "மேடம், பிரிண்ட் வருதுல்ல, வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

அவர் போன அன்றே வரிசையில் நின்ற ஒரு பையன் கேட்டான்: "அக்கா, உங்க பிரிண்டர் என் போன்ல தெரியுதே, நானே அடிச்சுக்கவா?" வைஃபை டைரக்ட் என்ற வசதி பெட்டியைப் பிரிக்கும்போதே ஆனில் இருக்கிறது. ரவுட்டரே தேவையில்லாமல் பிரிண்டர் தனக்கென்று ஒரு நெட்வொர்க்கை விரித்து வைத்திருக்கிறது. அதன் பாஸ்வேர்டு ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக எண்கள். பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் நினைத்தால் என் தாளில் அவர் படம் அடித்துக்கொள்ளலாம். அதைவிட மோசம், அந்த வழியாகவே பிரிண்டரின் நிர்வாகப் பக்கமும் திறக்கிறது. முதல் வேலையாக அதை அணைத்தேன். வைஃபை டைரக்ட் வேண்டும் என்பவர்கள் பாஸ்வேர்டையாவது மாற்றிவிடுங்கள்.

அடுத்து கடை வைஃபையில் சேர்ப்பது. மொபைல் ஆப் இருக்கிறது, ஆனால் லொகேஷன் அனுமதி, கணக்கு, மின்னஞ்சல் என்று அது கேட்கும் பட்டியலைப் பார்த்து மூடிவிட்டேன். பிரிண்டரிலேயே செய்யலாம் என்றால் திரை இரண்டே வரி. பாஸ்வேர்டை அம்புக்குறி பட்டனில் ஓட்டி ஓட்டி அடிக்க வேண்டும். சின்ன எழுத்து எல்லாம் தீர்ந்து பெரிய எழுத்து வரும், அதுவும் முடிந்து எண், கடைசியில் குறிகள். ஒரு 'அட்' குறிக்காக விரல் வலிக்க அமுக்கி, ஒரு அமுக்கு கூடிப்போனால் குறி தாண்டிப்போகும், திரும்பி வர வேண்டும். இவ்வளவும் செய்து முடித்த பிறகு 'இணைப்பு தோல்வி' என்று ஒற்றை வரி வருகிறது. பாஸ்வேர்டு தப்பா, ரவுட்டர் ஒத்துவரவில்லையா என்று திரை சொல்லாது. நெட்வொர்க் ரிப்போர்ட் என்ற மெனுவில் போய் ஒரு தாள் அடித்தால்தான் அதில் காரணத்தின் குறியீடு வரும்.

என் தாளில் வந்த குறியீட்டுக்குக் கையேட்டில் இருந்த விளக்கம், பாதுகாப்பு முறை பொருந்தவில்லை என்பது. வைஃபைக்குப் பூட்டுப் போடும் முறைகளில் புதியதான டபிள்யூபிஏ3 மட்டும் ரவுட்டரில் போட்டு வைத்திருந்தேன். இந்தப் பிரிண்டருக்கு டபிள்யூபிஏ2 வரைதான் தெரியும். டபிள்யூபிஏ2 வந்தது 2004இல், டபிள்யூபிஏ3 வந்தது 2018இல். இன்றைக்குப் புதிதாக விற்கும் பெட்டியில் புதியது இல்லை என்பது எனக்குப் பெரிய குறை. அதே மெனுவில் பாஸ்வேர்டே இல்லாத 'ஓப்பன்', பழைய பூட்டு முறையான 'டபிள்யூஇபி' இரண்டும் இன்னும் குந்தியிருக்கின்றன. டபிள்யூஇபி 1997 காலத்துச் சரக்கு, 2001லேயே அதை உடைத்துக் காட்டிவிட்டார்கள். அதை விட்டுவைத்தவர்களுக்குப் புதியதைச் சேர்க்கத்தான் இடமில்லை போல.

ரவுட்டரில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றினேன், சேர்ந்துகொண்டது. டபிள்யூபிஏ2 என்றதும் பயப்பட வேண்டாம். ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டு நீளமாக இருந்தால் கடைக்குப் போதும். சாதனம் சேரும்போது அதற்கும் ரவுட்டருக்கும் நடக்கும் கைகுலுக்கலை, அதாவது பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பேச்சை, காற்றிலிருந்தே பிடித்து எடுத்துப்போய், வீட்டில் வைத்து சாவகாசமாகப் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்க டபிள்யூபிஏ2வில் முடியும், டபிள்யூபிஏ3 அந்த வழியை அடைக்கிறது. அதனால்தான் நீளம் முக்கியம். 8 முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். கடைப் பெயரும் போன் நம்பரும் சேர்த்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். போர்டிலேயே எழுதியிருப்பதை யார்தான் ஊகிக்க மாட்டார்கள்?

நீளமான பாஸ்வேர்டை அம்புக்குறியில் அடிப்பது எப்படி என்று கேட்பீர்கள். அடிக்காதீர்கள். நெட்வொர்க் கேபிள் செருகும் லான் போர்ட் உள்ள மாடலாக இருந்தால் ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் கேபிளைச் செருகுங்கள். ரிப்போர்ட் தாளில் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் பிரிண்டரின் எண்) இருக்கும், அதை லேப்டாப் பிரவுசரில் அடித்தால் பிரிண்டரின் பக்கம் திறக்கும். பாஸ்வேர்டை அங்கே காப்பி செய்து ஒட்டிவிட்டு கேபிளை உருவிவிடலாம். என் மாடலில் கேபிள் செருகியிருக்கும் வரை வைஃபை எழுந்திருக்காது, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

டபிள்யூபிஎஸ் பட்டன் இன்னும் சுலபம். ரவுட்டரிலும் பிரிண்டரிலும் இரண்டு நிமிடத்துக்குள் அமுக்கினால் போதும், பாஸ்வேர்டே வேண்டாம். ஆனால் அதோடு, பாஸ்வேர்டுக்குப் பதில் எண் கொடுத்துச் சேரும் பின் (PIN) முறையும் வருகிறது. எட்டு இலக்கம் என்றாலும் ரவுட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முறை முயன்றால் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011லேயே வெளியே வந்துவிட்டது. இது பிரிண்டரின் குற்றம் இல்லை. இருந்தாலும் ரவுட்டரில் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்தே வையுங்கள்.

இன்னொன்று, இந்தப் பெட்டி 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் பிடிக்கும். ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தபோது அடிக்கடி விட்டுப்போனது. பெயரைப் பிரித்ததும் சரியாகிவிட்டது.

பிரவுசரில் திறக்கும் அந்தப் பக்கம்தான் இந்தப் பிரிண்டரில் எனக்குப் பிடித்த பகுதி, இதைக் கம்பெனி ஏன் ஒளித்து வைத்திருக்கிறது என்று தெரியவில்லை. முதலில் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று பிரவுசர் மிரட்டும். பிரிண்டர் தனக்குத் தானே சான்றிதழ் எழுதிக்கொள்வதால் வரும் எச்சரிக்கை அது, நம் கடை நெட்வொர்க்குக்குள், நம் பிரிண்டரின் ஐபியேதான் என்று பார்த்துவிட்டுத் தாண்டிப் போகலாம். அட்மின் பாஸ்வேர்டு முதுகில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி பாஸ்வேர்டு வேண்டும், இல்லை முதல் தடவையே மாற்றச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2020இல் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. அதனாலோ என்னவோ ஸ்டிக்கர் வந்திருக்கிறது, எல்லாப் பெட்டிக்கும் ஒரே 'அட்மின்' என்று இருந்ததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் என் கடையில் பிரிண்டரின் முதுகு கவுன்டரைப் பார்த்து இருக்கிறது. ஆகவே மாற்றிவிட்டேன்.

உள்ளே போனால் தூரத்திலிருந்து கட்டளையிடும் டெல்நெட், கோப்பு அனுப்பும் எஃப்டிபி, பிரிண்டரின் நிலையைக் கேட்டறியும் எஸ்என்எம்பி எல்லாமே ஆனில் இருந்தன. முதல் இரண்டையும் அணைத்தேன், எஸ்என்எம்பியில் பாஸ்வேர்டு மாதிரி 'பப்ளிக்' என்றிருந்த பெயரை மாற்றினேன். 9100 என்ற போர்ட்டை, அதாவது நெட்வொர்க் வழியே பிரிண்ட் வந்து சேரும் வாசலை, விட்டுவைத்தேன், விண்டோஸ் லேப்டாப் அந்த வழியாகத்தான் அடிக்கிறது. அதற்குப் பாஸ்வேர்டு கிடையாது, யார் அனுப்பினாலும் அடித்துவிடும். 2018 நவம்பரில் ஒருவர் இணையத்தில் திறந்து கிடந்த பிரிண்டர்களைத் தேடிப்பிடித்து, ஒரு யூடியூப் சேனலுக்குச் சந்தாதாரர் ஆகச் சொல்லி ஐம்பதாயிரம் இடங்களில் தாள் அடித்ததாகச் சொன்னாரே, அது இந்தப் போர்ட் வழியாகத்தான். வீட்டிலிருந்து கடைப் பிரிண்டரில் அடிக்க ஆசைப்பட்டு ரவுட்டரில் போர்ட் திறந்துவிடாதீர்கள்.

வாடிக்கையாளர்களுக்கு, கடை வைஃபையிலிருந்து பிரித்து வைத்த கெஸ்ட் நெட்வொர்க்கைத்தான் கொடுக்கிறேன். அதில் இருப்பவர்களுக்குப் பிரிண்டர் தெரியாது. "அக்கா, வைஃபை கிடைக்குது, பிரிண்டர் வரலையே" என்பவர்களிடம் "எனக்கு அனுப்புப்பா, நான் அடிச்சுத் தரேன்" என்று சொல்லிவிடுகிறேன். கரண்ட் போய் வந்தால் ஐபி மாறி விண்டோஸில் 'ஆஃப்லைன்' காட்டும் தொல்லை இருந்தது. ரவுட்டரில் இந்தப் பிரிண்டருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கியதும் நின்றது.

பிரிண்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் ஒன்று வந்தது, போட்டேன். அது முடிந்து பார்த்தால் வைஃபை டைரக்ட் மறுபடி ஆன். எனக்கு உண்மையில் கோபம் வந்தது இங்கேதான். நான் அணைத்ததை என்னைக் கேட்காமல் ஏன் போடுகிறது? வாடிக்கையாளர் சேவையில் கேட்டதற்கு 'ரீசெட் செய்து பாருங்கள்' என்ற பதில்தான் கிடைத்தது. அதனால் அப்டேட் போட்டதும் பிரவுசரில் அந்த செட்டிங்ஸ் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து செட்டிங்ஸ் பார்க்கப் பொறுமை இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். அது முடியாதவர்கள் வைஃபை இல்லாத மாடலை வாங்கி யூஎஸ்பி கேபிளில் ஓட்டுங்கள், காசும் மிச்சம். டோனர் எப்படி என்று கேட்பவர்களுக்கு: கூட வந்தது அரைகுறையாக நிரப்பிய ஸ்டார்ட்டர் டோனர், சீக்கிரம் தீர்ந்துவிடும். பிரிண்டர் வாங்கும்போதே ஒரு முழு டோனரும் சேர்த்து விலை பேசிவிடுங்கள்.